கோபத்துக்கு முந்தைய அரை மணி நேரம்

சென்ற இதழில் ஆட்டிசம் உள்ள பதின்வயதுப் பிள்ளைகளின் கோபம் பற்றிய ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று வந்து குவிந்த கடிதங்கள் சொல்கின்றன. அதனால் இந்த மாதம் முழுப் பகுதியும் அதற்கே. பெயர்களை எடுத்துவிட்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஆட்டிசம். பத்துப் பதினைந்து வார்த்தை பேசுவான். சின்ன வயதில் உருண்டு அழுதால் தூக்கிவிடுவேன். இப்போது என்னைவிட உயரம். தினமும் ஸ்கூல் வேனை விட்டு இறங்கி அரை மணி நேரத்துக்குள் கையைக் கடித்துக்கொள்கிறான், என் முடியைப் பிடித்து இழுக்கிறான். காரணமே இல்லாமல் வருகிறது மேடம். பிஹேவியர் தெரபி என்கிறார்கள். அது என்ன? இந்த வயதுக்கு மேல் பலன் இருக்குமா?
- பெயர் வேண்டாம், கரூர்

முதலில் உங்கள் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் அம்மா. முடியைப் பிடித்ததும் நாம் தலையைப் பின்னால் இழுப்போம். அப்போதுதான் பிடி இறுகும், வேரோடு வரும். அதற்குப் பதில், அவன் கையின் மேல் உங்கள் இரண்டு கைகளையும் வைத்து, தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். இழுவை நிற்கும், விரல்கள் தளர நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேச வேண்டாம். சாயங்காலம் வேன் வருவதற்கு முன்பே முடியை ஏற்றிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கே உதவுவது இதுதான் என்பதால் முதலில் எழுதினேன்.

இனி, 'காரணமே இல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது. கடிதம் வந்ததும் உங்களைப் போனில் கூப்பிட்டு ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். பக்கத்தை மூன்றாக மடித்து, முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன நடந்தது என்று எழுத வேண்டும். 12 நாள் விடாமல் எழுதி அனுப்பினீர்கள். உங்கள் சம்மதத்தோடு அதில் ஒரு நாளை மட்டும் இங்கே தருகிறேன்:

"செவ்வாய். வேன் 4.35க்கு வந்துச்சு. 4.50க்கு குக்கர் மூணு விசில். அத்தை ரூம்ல சீரியல். டிபன் பாக்ஸை எடுன்னு நாலு தடவை சொன்னேன். கையைக் கடிச்சான். கிட்டப் போய் என்ன வேணும், என்ன வேணும்னு கேட்டேன். முடியைப் பிடிச்சான். போனைக் கொடுத்தேன். 5.10க்கு அடங்கினான்."

12 நாளில் 9 நாள் கோபம். ஒன்பதும் 4.40க்கும் 5.15க்கும் நடுவில். கோபம் வராத மூன்று நாளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இன்னொன்று, சிலிண்டர் தீர்ந்துபோய் நீங்கள் கடையில் இட்லி வாங்கி வந்த நாள். அன்று குக்கர் இல்லை. கோபம் வந்த ஒன்பதில் எட்டு நாள், முடிவில் போன் அவன் கைக்குப் போயிருக்கிறது. காரணம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

அவன் திட்டம் போட்டு அடிக்கவில்லை. நாள் முழுக்க வகுப்புச் சத்தம், மணிச் சத்தம், வேன் இரைச்சல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். வந்த இடத்தில் விசில், சீரியல், ஒரே கட்டளை நாலு முறை. 'போதும்' என்று சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. கடித்தால், இழுத்தால் எல்லாம் நிற்கிறது, கூடவே போனும் வருகிறது. இது பல மாதமாக நடந்து பழகிவிட்டது. பிஹேவியர் தெரபி என்பது இந்த முடிச்சைக் கண்டுபிடித்து அவிழ்ப்பது. கோபத்துக்கு முன்னால் இருப்பதை மாற்ற வேண்டும், அடிப்பதற்குப் பதிலாக வேறொரு வழியைக் கையில் கொடுக்க வேண்டும், அந்த வழிக்கு நாம் உடனே பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு என்று யோசித்தது இது. குக்கரை 4 மணிக்கே இறக்கிவிடுங்கள். உங்கள் அத்தையிடம் 5.15 வரை சீரியல் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நோட்டைக் காட்டிச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். அவன் வந்ததும் அரை மணி நேரத்துக்கு ஒரு கேள்வியும் வேண்டாம். 'என்ன சாப்பிட்ட, மிஸ் என்ன சொன்னாங்க' எதுவும் வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு படவரிசையை ஒட்டுங்கள்: செருப்பு, டிபன் பாக்ஸ் போடும் கூடை, பொரியும் தண்ணீரும், போன், டைமர், மொட்டை மாடி. அவன் வீட்டுச் செருப்பை, அவன் கூடையை நீங்களே படம் எடுத்து ஒட்டினால் நல்லது. போனைக் கவனித்தீர்களா? அது வரிசையிலேயே வந்துவிட்டது. அடித்ததற்குப் பின்னால் கிடைத்தது இனி அடிக்காமலே, தினமும், 20 நிமிடம் கிடைக்கும்.

அடுத்தது 'போதும்' அட்டை. உள்ளங்கை அளவு, சிவப்பு, கை விரித்த படம். இதைக் கோபம் வந்த நேரத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. ஞாயிறு காலை, வயிறு நிறைந்து அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பியுங்கள். அவனுக்கு லேசாகப் பிடிக்காத ஒரு வேலையைக் கொடுங்கள், துணி மடிப்பது மாதிரி. முகம் சுளிக்கத் தொடங்கும்போதே அவன் அப்பா பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து அட்டையை உங்களிடம் நீட்டவைக்க வேண்டும். நீங்கள் அந்த நொடியே 'போதும்' என்று சொல்லி வேலையை நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை. முதல் இரண்டு வாரம் அட்டை நீட்டினால் எப்போதும், எதற்கும் மரியாதை உண்டு. பிறகுதான் '10 எண்ணிட்டு நிறுத்தலாம்', அப்புறம் 30 என்று நீட்டிப்பது.

ஒரு எச்சரிக்கை. அடித்தால் போன் வராது என்றானதும் முதல் வாரம் அடி கூடலாம். பழைய சாவி திறக்கவில்லை என்றால் நாமும் இன்னும் பலமாகத் திருகிப் பார்ப்போம் இல்லையா, அது மாதிரி. அந்த வாரத்தில் பயந்து போனைக் கொடுத்துவிட்டால் 'பலமாக அடித்தால் கிடைக்கும்' என்று கற்றுக்கொள்வான். அதனால் அவன் அப்பா வீட்டில் இருக்கும் வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் நான்கையும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பேச்சு குறைவான 15 வயதுப் பையன் ஒருவன் மூன்று வாரமாகத் தன் வலது கன்னத்தில் அறைந்துகொள்வதாக அழைத்து வந்தார்கள். நானும் என்னென்னவோ அட்டவணை போட்டேன். கடைசியில் கடைவாய்ப் பல் சொத்தை. பல்லை எடுத்த மூன்றாம் நாள் அறைவது நின்றது. அன்றிலிருந்து வாயைத் திறந்து பார்க்காமல் நான் நோட்டைத் திறப்பதில்லை. வலிப்பு நோய் இந்த வயதில் புதிதாகத் தொடங்கவும் வாய்ப்பு உண்டு. கண் நிலைகுத்தி நிற்பது, கோபத்துக்குப் பின் அடித்துப்போட்டதுபோலத் தூங்குவது இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

வயது கடந்துவிட்டதா என்றால், இல்லை. பெற்றோருக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு 2015இல் அமெரிக்காவில் வந்தது. 3 முதல் 7 வயது வரையான 180 குழந்தைகள், 24 வாரம். பயிற்சி பெற்ற பெற்றோரின் குழந்தைகளிடம் எரிச்சல், அதாவது கோபமும் ரகளையும், ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அது சின்னப் பிள்ளைகள்தான். பதின்வயதில் அதே முறை வேலை செய்வதை என் அறையில் பார்த்திருக்கிறேன். ஆனால் வாரக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில்.

கேள்வி: டாக்டர் அம்மா, 13 வயது மகனுக்கு ரிஸ்பெரிடோன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை கொடுத்தால் தெரபி தேவையில்லை என்கிறார் உறவினர். மாத்திரையே கூடாது என்கிறார் இன்னொருவர். எது சரி?
- ஒரு தந்தை, திருப்பூர்

நான் மருந்து எழுதும் மருத்துவர் இல்லை சார், மருத்துவ உளவியலாளர். அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் மனநல மருத்துவர் சொல்ல வேண்டியது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆட்டிசத்துக்கு என்று மாத்திரை கிடையாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கு மட்டும் இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இருக்கிறது. ரிஸ்பெரிடோனுக்கு 2006இல், 5 முதல் 16 வயது வரை. அரிப்பிப்ரசோலுக்கு 2009இல், 6 முதல் 17 வரை. 2002இல் வெளியான ஆய்வில் 101 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ரிஸ்பெரிடோனும் மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களில் 69 சதவீதம் பேருக்குத் தெளிவான முன்னேற்றம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம். ஆகவே 'மாத்திரையே கூடாது' என்று ஒரே போடாகப் போட முடியாது. தலையைச் சுவரில் மோதி ரத்தம் வரும் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

ஆனால் அதே மாத்திரை பசியைக் கிளப்பும், எடையை ஏற்றும், தூக்கத்தைக் கூட்டும். தொடங்குவதற்கு முன்பே எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு பார்த்துக் குறித்துவைத்து, பிறகும் விடாமல் பார்த்துவாருங்கள். பையனுக்கு மார்பு பருத்தாலோ, உடம்பு விறைத்தாலோ, வாய், நாக்கு தானாக அசைந்தாலோ உடனே சொல்லுங்கள். 'இப்போ நல்லாதான் இருக்கான்' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தெரபி தேவையில்லை என்பது தவறு. 2009இல் 4 முதல் 13 வயதுவரை உள்ள 124 பிள்ளைகளை வைத்து, மாத்திரை மட்டும் ஒரு பக்கம், மாத்திரையும் பெற்றோர் பயிற்சியும் இன்னொரு பக்கம் என்று பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்த பிள்ளைகளிடம் கோபம் கூடுதலாகக் குறைந்தது, அதுவும் சற்றுக் குறைந்த மருந்தளவில். மாத்திரை அவனை அமைதியாக உட்காரவைக்கும். 'போதும்' என்று சொல்ல அது கற்றுத்தராது. அமைதியாக இருக்கும் அந்த மாதங்கள் கற்றுக்கொடுக்கக் கிடைத்த நல்ல காலம், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் 36 வருடம் வாத்தியாராக இருந்தவன். பேரனுக்கு 13 வயது. நினைத்தது நடக்காவிட்டால் சாமானை உடைக்கிறான். மகனும் மருமகளும் தெரபி தெரபி என்று அலைகிறார்கள். அந்தக் காலத்தில் இரண்டு வைத்தால் அடங்காத பிள்ளை உண்டா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, நீங்கள் கோபத்தில் எழுதவில்லை, கவலையில் எழுதியிருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் கடைசிப் பத்தியில் தெரிகிறது. 'நாங்கள் போன பிறகு இவனை யார் பார்ப்பார்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடித்துத் திருத்தும் வழியையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1960களில் கலிபோர்னியாவில் லோவாஸ் என்ற உளவியலாளர் ஆட்டிசக் குழந்தைகளைக் கன்னத்தில் அறைவது, மின்அதிர்ச்சி கொடுப்பது வரை போனார். 1987இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்விலும் தொடையில் தட்டுவது இருந்தது. அந்த வழியைத் துறையே பிறகு பெரும்பாலும் கைவிட்டது. ஆட்டிசம் உள்ளவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி, தாங்கள் பட்டதைத் தாங்களே எழுதுகிறார்கள். பிஹேவியர் தெரபி என்ற பெயரைக் கேட்டாலே அவர்களில் பலர் கசந்துபோகிறார்கள். அந்தக் கசப்பு நியாயமானது. கையை ஆட்டுவது, ஆடி ஆடி நிற்பது எல்லாம் அவர்கள் தங்களை நிதானப்படுத்திக்கொள்ளும் வழி. அதையும் அடக்கிய தெரபி கோபத்தைக் கூட்டத்தான் செய்தது என்கிறார்கள்.

நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன் ஐயா. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். 13 வயதுப் பையன் நாற்காலியைத் தூக்கினான் என்று நானும் இன்னொருவரும் அவனைத் தரையில் அமுக்கிப் பிடித்தோம். எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்திருந்தார்கள். ஏழு நிமிடம். அடங்கினான். அதற்குப் பிறகு பல மாதம், வராந்தாவில் என்னைப் பார்த்தால் எதிர்ச் சுவரை ஒட்டிக்கொண்டு கடந்து போவான். அவனுடைய அந்தத் தோள் சுவரில் உரசும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

பிடிவாதம் வேறு, இது வேறு. பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழும். கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். உங்கள் பேரனுக்கு வருவது பொங்கிச் சரிவது. கேட்டதையே கொடுத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் அவன் காதில் வார்த்தை ஏறாது, அடியும் ஏறாது. செய்ய வேண்டியது, உடையக்கூடியதை நகர்த்தி, விளக்கைக் குறைத்து, நாலடி தள்ளி, பக்கவாட்டில் நிற்பது.

உங்களால் மட்டும் முடிகிற ஒன்று இருக்கிறது. 'நாளைக்கு அப்பா வர முடியாது, ஆட்டோவில் போகணும்' என்ற மாதிரி மாற்றங்கள்தான் அவனுக்குத் தீப்பெட்டி என்று கடிதத்தோடு வந்த, உங்கள் மருமகள் எழுதிய பட்டியலில் தெரிகிறது. தினமும் ராத்திரி சாப்பிட்ட பின், பழைய வகுப்பறைபோல ஒரு சின்னக் கரும்பலகையில் மறுநாள் நடக்கப்போவதை வரிசையாக எழுதி அவனோடு சேர்ந்து படியுங்கள். மாற்றம் இருந்தால் அதை மஞ்சள் சாக்கட்டியில் எழுதுங்கள். 36 வருடக் கையெழுத்து அவனுக்கு உதவும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை நான். ஆட்டிசம் உள்ள மாணவன், நன்றாகப் பேசுவான், கணக்கில் கெட்டிக்காரன். யாராவது விதியை மீறினால் கத்துகிறான், போன வாரம் ஒரு பையன் நோட்டைக் கிழித்துவிட்டான். 'ஏன் கோபம்' என்று கேட்டால் 'எனக்குக் கோபமே இல்லை' என்கிறான். பொய் சொல்கிறானா?
- ஆசிரியை, விருதுநகர்

பொய் இல்லை டீச்சர். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தங்களுக்குள் கிளம்பும் உணர்ச்சிக்குப் பெயர் தெரிவதில்லை. கோபமா என்று கேட்காதீர்கள், உடம்பைக் கேளுங்கள். என்னிடம் வந்த இவன் வயதுப் பையன் ஒருவன் ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்துச் சொன்னது: 'காது சூடாகும். பேனாவை அழுத்திப் பிடிப்பேன். அடுத்த பக்கத்தில் பள்ளம் விழும்.' அதை வைத்தே 1 முதல் 5 வரை அளவுகோல் போட்டோம். எழுத்து அடுத்த பக்கத்தில் பதிந்தால் 3. 3இல் எழுந்து வெளியே போக வேண்டும். 5 வந்த பிறகு எந்தப் புத்தியும் உதவாது.

பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு நாங்கள் செய்யும் தெரபி பெரும்பாலும் இதுதான். அறிகுறியைச் சீக்கிரம் பிடிப்பது, நடந்ததற்கு வேறு விளக்கம் உண்டா என்று தேடுவது ('என்னைச் சீண்டத்தான் பேசினான்' என்பதற்குப் பக்கத்தில் 'ரப்பர் கேட்கத்தான் பேசினான்'), செய்யப்போவதை நடித்துப் பழகுவது. வகுப்பில் நீங்கள் அவனுக்கு ஒரு நீல அட்டை கொடுங்கள். மேசையில் வைத்தால் கேள்வி கேட்காமல் வெளியே விட வேண்டும், ஐந்து நிமிடம் தண்ணீர்க் குழாய் வரை போய் வரலாம். எல்லா ஆசிரியர்களுக்கும், முக்கியமாக வேறு வகுப்பிலிருந்து மாற்றுக்கு வருகிறவர்களுக்கும், இது தெரிந்திருக்க வேண்டும்.

1985இல் கார், டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வளர்ச்சிக் குறைபாடுள்ள 4 குழந்தைகளிடம் செய்த ஒரு சிறு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பாடம் கடினமாகும்போது சிலருக்குக் கோபம், கவனிப்பு குறையும்போது சிலருக்கு. முதல் வகைக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவது வகைக்கு 'நான் சரியாகச் செய்கிறேனா?' என்று கேட்க. அவ்வளவுதான், ரகளை சரிந்தது. உங்கள் மாணவனுக்கு எந்த வாக்கியம் இல்லாமல் நோட்டுக் கிழிந்தது என்று பாருங்கள்.

கேள்வி: 16 வயது மகள், ஆட்டிசம். மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்கள் என்னைக் கிள்ளுகிறாள், கதவை அறைகிறாள்.
- நாகர்கோவில் வாசகி

மூன்று மாதம் காலண்டரில் இரண்டு நிறத்தில் குறியுங்கள்: கோபத்துக்கு ஒன்று, மாதவிலக்குக்கு ஒன்று. நீங்கள் சொல்வதுபோல இரண்டும் ஒட்டியே வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அந்தக் காலண்டரையே நீட்டுங்கள். வயிற்றுவலியும் தலைவலியும் அவளால் சொல்ல முடியாததாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. அந்த நாட்களில் புது வேலை, கல்யாண வீடு, ஜவுளிக்கடை வேண்டாம். பேடின் ஓரம் உறுத்துவதும் கோபத்துக்குக் காரணமாகலாம், இரண்டு மூன்று வகை வாங்கி மற்ற நாட்களிலேயே வைத்துப் பழக்குங்கள்.

கேள்வி: நல்ல தெரபிஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? செலவுக்கு உதவி உண்டா?
- மூன்று கடிதங்களில் இதே கேள்வி

சிறப்புக் கல்வியாளர், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது தப்பில்லை, நான் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன். அடுத்து, 'பிள்ளை அடித்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். கட்டிப்போடுவோம், தனி அறையில் பூட்டுவோம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று சொல்லும் இடமும் வேண்டாம். வீட்டில் நடக்கும் கோபத்தை வீட்டாருக்குக் கற்றுத்தராமல் யாராலும் குறைக்க முடியாது.

சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் மத்திய அரசுடையது, அங்கே மதிப்பீடும் பயிற்சியும் உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசம் சேர்ந்தது, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக் கட்டணத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனி ஊனமாகச் சேர்க்கப்பட்டிருப்பதால் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். நடு ராத்திரியில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

அடுத்த மாதம் தூக்கம் பற்றிய கடிதங்களுக்குப் பதில். எழுதுகிறவர்கள் பிள்ளையின் வயது, படுக்கும் நேரம், விழிக்கும் நேரம், வீட்டில் கடைசி விளக்கு எப்போது அணைகிறது என்று ஒரு வாரத்துக்குக் குறித்து அனுப்புங்கள்.